மூச்சைப் பிடித்து முக்குகிறவர்கள்

வட சென்னை தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய மருந்துக்கடை ஒன்றில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வியாதியைச் சொல்வதில் கூச்சமே கிடையாது. சுகர் எவ்வளவு என்பதை எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்கள். பைபாஸ் செய்துகொண்டவர் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, "இங்கேர்ந்து இது வரைக்கும் பொளந்துட்டாங்க தம்பி" என்று தழும்பையே காட்டிவிடுவார். அதே ஆள் மலச்சிக்கலுக்கு மருந்து வாங்க வந்தால் மட்டும், கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நின்று பேப்பர் படிப்பார். அப்புறம் கவுண்டர் மேல் சாய்ந்து, "அந்த தண்ணி மருந்து ஒன்னு குடு. வூட்டுக்குத்தான்" என்பார். வூட்டுக்கு என்றால் மனைவிக்கு. மனைவி வாங்க வந்தால், "எனுக்கு இல்லப்பா, அவருக்கு" என்பார்.

தழும்பும் தண்ணி மருந்தும் சம்பந்தப்பட்ட விஷயங்கள் என்று பலருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் உப்பைக் குறை, பீடி சிகரெட்டை விடு, தினமும் நட என்றெல்லாம் இருக்கும். கக்கூஸில் முக்கக் கூடாது என்று எழுதிய சீட்டு என் கண்ணில் பட்டதில்லை. வீட்டிலோ வேறொரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும். "ஹார்ட் பேஷன்ட்டு, வெஸ்டர்ன் போட்டே ஆகணும்" என்று மகன் சொல்வான். "அந்தக் காலத்துல குந்திப் போனவங்கள்லாம் நெஞ்சைப் புடிச்சிக்கினா செத்தாங்க?" என்று அப்பா கேட்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே பீங்கானைப் பற்றிப் பேசுகிறார்கள். மூச்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூச்சை இழுத்து, தொண்டையை மூடி, வயிற்றை இறுக்கிக் கீழ்நோக்கித் தள்ளுகிறோம். அந்த நேரத்தில் நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. முதல் ஓரிரு நொடி ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தொடர்ந்து முக்கினால், உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வரும் பெரிய சிரைகள் அந்த அழுத்தத்தில் நசுங்கும். அவற்றின் சுவர் மெல்லியது, தாங்காது. இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும், அது வெளியே தள்ளுவதும் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும். ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக் குழாய்களும் இறுகும். 'அப்பாடா' என்று மூச்சை விட்டதும், தேங்கிய ரத்தம் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும். ரத்தக் குழாய்களோ இன்னும் இறுகியே இருக்கும். அதனால் அழுத்தம் முதலில் இருந்ததைவிட மேலே போகும். உடனே மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு தலையிட்டு இதயத் துடிப்பைச் சட்டென்று குறைக்கும். இத்தனையும் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

ஆரோக்கியமான ஆளுக்கு இது ஒன்றுமே இல்லை. தண்ணீர்க் குடத்தை மூன்று மாடி தூக்கும்போதும் மூச்சைப் பிடிக்கத்தான் செய்கிறோம். ஆனால் இதயத் தமனியில் அடைப்பு இருப்பவர், இதயத்தின் பம்பிங் குறைந்தவர், பெருந்தமனி வால்வு சுருங்கியவர், பெருந்தமனியே வீங்கியிருப்பவர் இவர்களுக்கெல்லாம் அந்த அரை நிமிஷம் சும்மா போவதில்லை. சிலருக்கு அழுத்தம் இறங்கும் நேரத்தில் மயக்கம் வந்துவிடும். மயக்கம் தானாகத் தெளியும். விழும்போது குழாய் முனையில் மண்டை அடிபட்டால்தான் வம்பு.

மருத்துவத்தில் இந்த மூச்சுப் பிடிப்புக்கு வால்சால்வா என்று பெயர். இத்தாலியைச் சேர்ந்த அந்தோனியோ மரியா வால்சால்வா, காதைப் பற்றி 1704-இல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார். மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஊதினால் நடுக்காதில் உள்ள சீழ் வெளியேறும் என்பது அவர் சொன்ன வைத்தியம். பாவம், கக்கூஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பெயர் மட்டும் மாட்டிக்கொண்டது. இன்று இதே வித்தையை டாக்டர்கள் சிகிச்சையாகவும் செய்கிறார்கள். ஒருவகை படபடப்பில் இதயம் நிமிஷத்துக்கு நூற்றைம்பதுக்கும் மேலே ஓடும். அப்படி வருபவர் கையில் 10 எம்.எல். சிரிஞ்சைக் கொடுத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 நொடி ஊதச் சொல்வார்கள். ஊதி முடித்ததும் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வந்தது. பழைய முறையில் 100-க்கு 17 பேருக்குத் துடிப்பு சரியானது, இந்த முறையில் 43 பேருக்கு. ஆஸ்பத்திரியில், மானிட்டர் பக்கத்தில் செய்கிற காரியம் அது. பதினைந்து நொடி ஊதினால் இதயத்தின் தாளமே மாறுகிறது என்றால், தினமும் காலையில் பத்து நிமிஷம் விட்டு விட்டு முக்குகிறவரை நினைத்துப் பாருங்கள்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபர் 25 காலையில் கோப்பை சாக்லேட் குடித்துவிட்டு மலம் கழிக்கப் போனார். தடால் என்று சத்தம் கேட்டுப் பணியாள் ஓடிப் பார்த்தபோது தரையில் கிடந்தார். உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் ஃபிராங்க் நிக்கோல்ஸ், இதயத்தைச் சுற்றிய உறை முழுக்க ரத்தம் உறைந்திருந்ததையும் பெருந்தமனியில் கிழிசல் இருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். 76 வயது.

இதை வைத்துக்கொண்டு, கக்கூஸில் செத்தவரெல்லாம் முக்கித்தான் செத்தார் என்று சொல்லிவிடக் கூடாது. மாரடைப்பு காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் அதிகம் வருகிறது என்று 1985-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். தூங்கி எழும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. நாமும் அந்த நேரத்தில்தான் போகிறோம். இன்னொன்றும் உண்டு, இதை எங்கள் ஏரியாவில் நிறையப் பார்க்கிறேன். மாரடைப்பின் ஆரம்பத்திலேயே சிலருக்கு வயிற்றைப் புரட்டும், வெளிக்கு வருகிற மாதிரி இருக்கும். "கேஸ் புடிச்சிக்கிச்சு" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, கக்கூஸுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் போக வேண்டிய இடம் அது இல்லை. 108-க்குப் போன் போட வேண்டும்.

சரி, உட்காரும் விஷயத்துக்கு வருகிறேன். மலக்குடல் ஆசனவாயோடு சேரும் இடத்தில் ஒரு தசை அதைச் சுற்றிப் பிடித்து முன்பக்கம் இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. தண்ணி லாரி ஹோஸை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்கிறதே, அப்படி. நாம் நிற்கும்போதும் நாற்காலியில் இருக்கும்போதும் கசியாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. குந்தினால் அந்த மடக்கு நிமிர்கிறது. ஜப்பானில் 2010-இல் 6 பேரை வைத்து அந்த மடக்கின் கோணத்தை அளந்தபோது, கமோடில் உட்கார்ந்தால் சுமார் 100 டிகிரி, குந்தினால் 126 டிகிரி என்று வந்தது. அதற்கு முன்பே, 2003-இல், இஸ்ரேலின் டோவ் சிகிரோவ் 28 பேரிடம் மூன்று விதமாக உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். குந்திப் போனவர்களுக்குச் சராசரியாக 51 நொடி, உயரக் கமோடில் 130 நொடி. முக்குவதும் குந்தும்போது குறைவு. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான். ஆனால் இரண்டு வகையிலும் போய்ப் பழகிய யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சிகிரோவ் 1990-லேயே, கமோடில் உட்கார்ந்து முக்குவதால்தான் மலம் கழிக்கும்போது இதயக் கோளாறுகள் வருகின்றனவோ என்று ஒரு கருத்தை எழுதியிருந்தார். அது கருத்து மட்டுமே.

அப்போ அப்பா சொன்னதுதானே சரி? அங்கேதான் சிக்கல். குந்தும்போது இடுப்பும் முழங்காலும் மடங்கி ரத்தக் குழாய்கள் அழுந்துகின்றன. காலில் இருந்த ரத்தம் மேலே ஏறுகிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது. இதயத்தில் பிறவிக் கோளாறோடு நீலம் பாய்ந்து பிறக்கும் குழந்தைகள் ஓடி விளையாடிக் களைத்ததும் தாங்களாகவே குந்திக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. குந்தினால் உடம்பின் ரத்தக் குழாய்களில் எதிர்ப்பு கூடி, நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிக ரத்தம் போகிறது. அந்தக் குழந்தைக்கு உயிர் கொடுக்கும் அதே அழுத்தம், பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடாத அறுபத்தைந்து வயதுக்காரருக்கு நல்லதில்லை. குந்துவது இந்தியர்களுக்குப் பக்கவாதத்தைத் தூண்டுகிறதா என்று கேட்டு 2002-இல் கொல்கத்தாவிலிருந்து ஒரு கட்டுரையே வந்தது.

என்னைக் கேட்டால், குந்துவதைவிட எழுந்திருப்பதுதான் மோசம். எழும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது, அழுத்தம் விழுகிறது. நீர் பிரியும் மாத்திரை, ப்ராஸ்டேட்டுக்கான மாத்திரை போடுபவருக்கு இன்னும் வேகமாக விழும். ஈரத்தரை, முட்டி வலி, பிடிக்கக் கம்பி இல்லை. கையூன்றி எழ, குழாயைப் பிடிப்பார்கள், அது பிவிசி குழாய்.

முட்டியும் பிரஷரும் ஒழுங்காக இருந்தால் குந்துங்கள், யார் வேண்டாமென்றார்கள். இல்லையென்றால் கமோடு, காலுக்கடியில் ஏழெட்டு அங்குல உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி, முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காருவது. மடக்கும் ஓரளவு நிமிரும், எழுவதும் சுலபம். கமோடு வைக்க இடமில்லாதவர்கள் இந்தியன் டாய்லெட் மேல் நிறுத்துகிற கமோடு நாற்காலியைச் சர்ஜிக்கல் கடைகளில் வாங்கலாம்.

ஆனால் உட்காருவதை மட்டும் பேசினால் எங்கள் பக்கத்தின் பெரிய பிரச்சினை விட்டுப்போகும். பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்துச் சந்துகளிலும் இன்னும் ஸ்டோர் வீடுகள் இருக்கின்றன. எட்டுக் குடித்தனம், இரண்டு கக்கூஸ். காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை கதவு முன்னால் பக்கெட் வரிசை. ஆள் நிற்க வேண்டியதில்லை, பக்கெட் நின்றால் போதும், அது உங்கள் இடம். சிவப்பு பக்கெட் யாருடையது, கைப்பிடி அறுந்தது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். உள்ளே ஒருவர் ஐந்து நிமிஷம் தாண்டினால் செருமல் கேட்கும். அப்புறம் கதவைத் தட்டும் சத்தம். "எவ்ளோ நேரம்பா, வேலைக்குப் போணும்ல?" உள்ளே இருப்பவர் இப்போது என்ன செய்வார்? மூச்சைப் பிடித்து முக்குவார். வேறு வழி? அல்லது பாதியிலேயே எழுந்து வந்துவிடுவார். வந்த உணர்வை அடக்கினால் குடல் மறுபடி எப்போது அழைக்குமோ தெரியாது. பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான், உள்ளே தங்கினால் கட்டியாகும். மறுநாள் இன்னும் நேரமாகும், இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

பெண்கள் நிலைமை வேறு மாதிரி. எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் தண்ணீர் பாட்டிலைப் பாதிகூடக் காலி செய்வதில்லை. கல்மண்டபம் பக்கம் மீன் விற்கும் ஓர் ஆயா மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். விடியற்காலையிலேயே காசிமேட்டில் ஏலம் எடுத்துவிட்டு வந்து உட்காருகிறவர். தண்ணி மருந்து கேட்டார்.

"நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க ஆயா?"

"காத்தால ஒரு டீ. மத்தியானம் சோறு துன்னா ஒரு சொம்பு."

"பத்தாது ஆயா. நல்லா தண்ணி குடிங்க, எல்லாம் சரியாயிடும்."

"குடிச்சா எங்க நைனா போறது? போனா கூடைய யாரு பாத்துப்பா? பூனை பாத்துக்குமா?"

மாத்திரையை எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்தேன். நார்ச்சத்து, தண்ணீர், நடை என்று சொல்வதெல்லாம் சரிதான். போக இடமில்லாதவர் தண்ணீர் குடிக்க மாட்டார். மாநகராட்சிக் கழிப்பிடம் சுத்தமாக, பக்கத்தில், திறந்திருப்பதைக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை நோயாளிக்கும் மட்டுமான வசதியாகப் பார்க்கக் கூடாது. இதய நோய்த் தடுப்புக் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

மாத்திரைகளும் கைவரிசை காட்டும். பிரஷருக்குக் கொடுக்கும் வெரபாமில், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், ட்ரமடால் சேர்ந்த வலி மாத்திரை எல்லாமே மலத்தைக் கட்டும். பம்பிங் குறைந்தவருக்கு ஃப்ரூசமைடு கொடுத்து நீரைப் பிரித்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவும் சொல்லியிருப்பார்கள். அவரிடம் போய் "நிறைய தண்ணி குடி" என்று எந்த மாமாவும் சொல்லக் கூடாது. இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடியும் அவருக்கு யோசித்துத்தான். அது தண்ணீரோடு போனால்தான் வேலை செய்யும், இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்கு டாக்டர்கள் பெரும்பாலும் லாக்டுலோஸ் மாதிரி மலத்தை இளக்கும் சிரப்பை எழுதுவார்கள். கேட்டால்தானே எழுதுவார்கள்! தானாக வாங்கிக் குடிக்கும் பொங்கும் உப்புப் பொடியில் சோடியம் ஏராளம். சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு அதைத் தினமும் கலக்கிக் குடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் பயம் வருவது மூல நோயால். இதயத் தமனி அடைப்பில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்த்துப் போடுகிறார். முக்கி முக்கி மூலம் வீங்கியிருக்கிறது, இந்த மாத்திரையோடு சேர்ந்து ரத்தம் சொட்டுகிறது. தரையில் ரத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் குலை நடுங்கும். "இந்த மாத்திரையாலதான்" என்று தானே முடிவு செய்து நிறுத்திவிடுவார். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். வழக்கமாக வாங்குகிறவர் ஒரு மாதம் க்ளோபிடோக்ரெல் மட்டும் வேண்டாம் என்றால் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு காரணம் கேட்பேன். சில பேர் திட்டுவார்கள். ரத்தம் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை அவர் சொல்லாமல் விடாதீர்கள்.

மலச்சிக்கலுக்கும் இதய நோய்க்கும் நேரடிச் சம்பந்தம் உண்டா என்று பெரிய கணக்குகள் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் ராணுவத்தினரின் பதிவுகளைப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் 11 சதவீதமும் பக்கவாதம் 19 சதவீதமும் கூடுதலாக இருந்தது. கீரை சாப்பிடாத, நடக்காத, மாத்திரை நிறையப் போடுகிற ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். எது எதனால் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

மாரடைப்பு வந்து படுத்திருக்கும் முதல் நாட்களில் பெட்பேன்தான் பத்திரம் என்று வீட்டார் நினைப்பார்கள். படுத்தபடி இடுப்பைத் தூக்கி முக்குவது சின்ன வேலை இல்லை. பெட்பேனைவிடக் கட்டிலோரக் கமோடில் உட்கார்ந்து போவதற்கு உடம்பு குறைவான ஆக்சிஜனையே செலவிடுகிறது என்று 1950-லேயே அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். டாக்டர் சரி என்றால் உட்காரவைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. சாப்பிட்ட பின் அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பழக்கிக்கொள்வது நல்லது. வாயைத் திறந்து மெதுவாக ஊதிக்கொண்டே வயிற்றைத் தளர்த்த வேண்டும். ஊதும்போது தொண்டையை மூட முடியாது, தொண்டை மூடாமல் பலமாக முக்கவும் முடியாது. பத்து நிமிஷத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடலாம். போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும், அது கையில் இருந்தால் பத்து நிமிஷம் அரை மணி நேரமாகிவிடும்.

கதவைத் தாழ் போட வேண்டாம். எங்கள் பக்கத்துக் கக்கூஸ் கதவுகள் பலவும் உள்பக்கம் திறப்பவை. உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேல் சாய்ந்து விழுந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி செய்வது கார்பெண்டருக்குப் பெரிய வேலை இல்லை, ஓனர் ஒத்துக்கொள்வதுதான் பெரிய வேலை. எங்கள் தெருவில் ஒரு ஸ்டோர் வீட்டில் வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஆறரையிலிருந்து ஏழு வரை ஒரு கக்கூஸ் முன்னால் யாரும் பக்கெட் வைப்பதில்லை, கதவையும் தட்டுவதில்லை. கதவு மேல் துண்டு தொங்கினால் அவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். பதிலுக்கு அவர் ஐந்து மணிக்கே எழுந்து எல்லாருக்கும் சேர்த்து மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பி வைக்கிறார். டேங்க் வழிந்தால் மட்டும் திட்டு விழும், ஹார்ட் பேஷன்ட் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.